ஹாரி பாட்டருக்குப் பிறகு எந்தத் தொடர்? யார் உண்மையில் வளர்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்போம்

ஹாரி பாட்டர் ஏழு புத்தகங்களையும் முடித்துவிட்ட பிள்ளைக்கு அடுத்து என்ன வாங்கித் தருவது என்ற கேள்வி பல வீடுகளில் வருகிறது. கடையில் கேட்டால் இளையோர் ஃபேன்டசி என்று ஒரு அலமாரியையே காட்டுவார்கள். அட்டையில் வாள் இருக்கும், இல்லையென்றால் டிராகன். பின்னட்டையில் ஹாரி பாட்டர் ரசிகர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது என்று எழுதியிருக்கும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எல்லாப் புத்தகத்திலும்தான் எழுதியிருக்கிறதே.

நான் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். முதல் புத்தகத்தில் நுழைகிற பிள்ளை, கடைசிப் புத்தகத்தில் வேறு ஆளாக வெளியே வருகிறதா? வருகிறது என்றால் எது மாற்றியது?

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தொடர்கள் இதில் தோற்றுவிடும். நாயகன் முதல் பாகத்தில் மெழுகுவர்த்தியை மந்திரத்தால் ஏற்றுவான், ஐந்தாம் பாகத்தில் கோட்டையைக் கொளுத்துவான். கோபமும் பயமும் அடுத்தவரைப் பார்க்கிற பார்வையும் முதல் நாள் இருந்தபடியே இருக்கும். பலம் கூடியிருக்கிறதே தவிர ஆள் வளரவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அந்தப் பிள்ளை செய்யும் தவறுகளைப் பின்தொடர்ந்து போவது. அந்தத் தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள், அடுத்த புத்தகத்திலும் அது கூடவே வருகிறதா, கதை முடியும்போது கையில் இருந்த எதையாவது இழந்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

இந்த அளவுகோலோடு நான்கு தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐந்தாவது ஒன்றையும் இடையில் சேர்க்கிறேன், அதை விட மனமில்லை. வளர்ச்சியைப் பற்றிப் பேசினால் முடிவுகளைத் தொடாமல் இருக்க முடியாது. கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

முதலில் ஹாரியையே அளந்துவிடுவோம், ஒப்பிட ஒரு அடிக்கோடு வேண்டுமே. ஜே.கே. ரௌலிங்கின் ஏழு புத்தகங்களும் 1997 முதல் 2007 வரை வந்தன. ஒரு புத்தகத்துக்கு ஒரு கல்வியாண்டு, 11 வயதில் தொடங்கி 17 வயதில் முடிகிறது. பிரிட்டிஷ் பதிப்பில் முதல் புத்தகம் 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். படிக்கிற பிள்ளையும் கூடவே வளரும் என்ற கணக்கில் புத்தகங்களும் தடித்துக்கொண்டே, இருண்டுகொண்டே போயின. இந்தக் கட்டமைப்பு ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது, சந்தேகமே இல்லை.

ஆனால் ஹாரி எவ்வளவு மாறுகிறான்? தைரியமும் நண்பர்களுக்காக எதையும் செய்யும் குணமும் முதல் புத்தகத்திலேயே இருக்கின்றன. ஏழாம் புத்தகத்தில் காட்டுக்குள் சாவை நோக்கி நடக்கும்போதும் அதே குணம்தான் நடக்கிறது, இப்போது விலை தெரிந்து நடக்கிறது, அவ்வளவுதான். அவன் உண்மையாகவே அடி வாங்குவது ஐந்தாவது புத்தகத்தில். பலருக்கு அந்தப் புத்தகம் பிடிக்காது. பக்கத்துக்குப் பக்கம் கத்துகிறான், யார் சொல்வதையும் கேட்பதில்லை என்பார்கள். எனக்கு அதுதான் ஏழில் சிறந்தது. தன் ஞானத்தந்தை சிரியஸ் ஆபத்தில் இருப்பதாக ஒரு காட்சி மனதுக்குள் தெரிகிறது. இது பொறியாக இருக்கலாம், உனக்கு எப்போதும் யாரையாவது காப்பாற்றியாக வேண்டும் என்று தோழி ஹெர்மயனி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். அவன் கேட்கவில்லை. போகிறான், சிரியஸ் சாகிறார். தொடர்புகொள்ள சிரியஸ் கொடுத்திருந்த மாயக் கண்ணாடி, பொட்டலம் பிரிக்கப்படாமல் ஹாரியின் பெட்டியிலேயே கிடந்தது என்று அப்புறம்தான் தெரிகிறது. இவ்வளவு கொடூரமான ஒரு சின்ன விவரத்தை இளையோர் கதையில் வைக்கத் துணிச்சல் வேண்டும்.

வருத்தம் என்னவென்றால், ஆறாம் புத்தகம் அந்தத் துக்கத்தை வேகமாகக் கடந்துவிடுகிறது. தப்பு கூடவே வருவதில்லை.

அந்தத் தொடரில் உண்மையாக வளர்கிறவன் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில். முதல் புத்தகத்தில் நண்பர்களையே எதிர்த்து நிற்கிறான், ஹெர்மயனியின் மந்திரத்தில் கல்லாக விறைத்து விழுகிறான், கடைசியில் அதற்காக 10 புள்ளி வாங்குகிறான். அப்போது நாமும் சிரிக்கிறோம். ஐந்தாம் புத்தகத்தில் மருத்துவமனை வார்டில் மனநிலை சிதைந்த அவன் அம்மா ஒரு பபிள்கம் காகிதத்தை அவன் கையில் வைக்கிறாள். குப்பையில் போடு என்று பாட்டி சொல்லியும் அவன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். பெற்றோரை அந்த நிலைக்கு ஆளாக்கிய பெல்லட்ரிக்ஸ் சிறையிலிருந்து தப்பிவிட்டாள் என்ற செய்தி வந்த பிறகு, ரகசியப் பயிற்சி வகுப்பில் அவன் வாயைத் திறக்காமல் உழைக்கிற உழைப்பைப் பாருங்கள். ஏழாம் புத்தகத்தில் ஹாரி ஊரெல்லாம் அலையும்போது பள்ளிக்குள் எதிர்ப்பை நடத்துகிறவன் இவன்தான். இதில் பெரும்பாலானது கதையின் ஓரத்தில் நடக்கிறது, நாமே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹாரியைச் சீண்டியே வளர்ந்த பெரியம்மா மகன் டட்லிகூட ஏழாம் புத்தகத் தொடக்கத்தில் ஹாரியிடம் கைகுலுக்கிவிட்டுப் போகிறான். வளர்ச்சி வேண்டுமென்றால் ரௌலிங்கிடம் ஓரத்தில் தேடுங்கள், நடுவில் தேடாதீர்கள்.

சரி, அடுத்தது பெர்சி ஜாக்சன். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். ரிக் ரியோர்டன் எழுதிய முதல் ஐந்து புத்தகங்கள், 2005 முதல் 2009 வரை ஆண்டுக்கொன்றாக வந்தவை. கிரேக்கக் கடவுளின் மகனாகப் பிறந்த அமெரிக்கப் பையன், 12 வயதிலிருந்து 16 வயது வரை. ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கவனக்குறைவும் எழுத்து வாசிப்பதில் சிரமமும் இருந்த தன் மகனுக்காகச் சொல்லத் தொடங்கிய கதை இது. பெர்சிக்கும் அவை இரண்டும் உண்டு. அவன் மூளை பழைய கிரேக்கத்துக்குப் பழகியது, உடம்பு போருக்குப் பழகியது, அதனால்தான் வகுப்பில் உட்கார முடியவில்லை என்று கதை விளக்கம் தருகிறது. படிப்பில் திணறுகிற ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆறுதலை நான் பார்த்ததில்லை.

வளர்ச்சி? கொஞ்சம் குறைவுதான். பெர்சியே கதை சொல்கிறான். அந்தக் குரலின் கிண்டல் 12 வயதிலும் 16 வயதிலும் ஏறக்குறைய ஒன்றே. நண்பர்கள் மீது வைத்திருக்கும் அளவுகடந்த விசுவாசம்தான் உன்னை வீழ்த்தப்போகும் குறை என்று ஏதீனா தேவி மூன்றாம் புத்தகத்தில் அவனிடம் சொல்கிறாள். இது அருமையான விதை. ஆனால் ஐந்து புத்தகங்களில் அந்தக் குறை அவனை வீழ்த்தவே இல்லை, ஒவ்வொரு முறையும் காப்பாற்றத்தான் செய்கிறது. கடைசியில் தேவனாக ஆக்குகிறேன் என்று கடவுள்களின் அரசன் ஸீயஸ் சொல்லும்போது வேண்டாம் என்கிறான். பதிலுக்கு, உங்கள் பிள்ளைகள் எல்லாரையும் 13 வயதுக்குள் உங்கள் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்கிறான். நல்ல இடம். இந்தத் தொடரில் நிஜமாக ஆட்டம் காண்பது நிக்கோ என்ற பத்து வயதுப் பையன். அக்காவை இழந்துவிட்டு, பெர்சிதான் காரணம் என்று வெறுத்து, பின்பு மெல்ல மெல்லத் திரும்பி வருகிறவன்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அடுத்து வந்த ஐந்து புத்தகத் தொடரில், 2013-இல் வெளியான ஒன்றில், பெர்சியின் பழைய தவறு ஒன்று திரும்பி வருகிறது. முன்பு அவன் டைட்டன் எனப்படும் பழைய பூதக் கடவுள் ஒருவனின் நினைவை அழித்து, பாப் என்று பேர் வைத்து, பாதாளத்தில் விட்டுவிட்டு வந்தான். நண்பன் என்று சொல்லிவிட்டு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அதே பாப் வந்து அவன் உயிரைக் காப்பாற்றும்போது பெர்சிக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதை எழுத ரியோர்டனுக்கு ஒன்பது புத்தகங்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

பிலிப் புல்மனின் மூன்று நாவல்களுக்கு வருகிறேன். ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ், 1995 முதல் 2000 வரை. மூன்றாவது நாவல் பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் பரிசுகளில் முதலிடம் பெற்றது. சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல் முறை. இங்கே ஒவ்வொரு மனிதருக்கும் ஆன்மா உடம்புக்கு வெளியே ஒரு விலங்காக இருக்கிறது. குழந்தையாக இருக்கும்வரை அது நினைத்த நேரத்தில் உருவம் மாற்றும், பருவம் வந்ததும் ஏதோ ஒரு உருவத்தில் நின்றுவிடும். வளர்வது என்பதையே கதையின் இயந்திரமாக ஆக்கியவர் புல்மன்தான். இவ்வளவு கெட்டியான ஒரு கற்பனையை வேறு எந்தத் தொடரிலும் காட்ட முடியாது.

கதாநாயகி லைரா ஒரு பொய்க்காரி, அதுவும் பிரமாதமான பொய்க்காரி. முதல் நாவலில் கரடிகளின் அரசனையே பொய் சொல்லி ஏமாற்றுகிறாள். அந்தத் திறமைக்காக இயோரெக் என்ற கவசக் கரடி அவளுக்குப் பட்டப்பெயரே கொடுக்கிறது. நாமும் கைதட்டுகிறோம். மூன்றாம் நாவலில், இறந்தவர்களின் உலகத்து வாசலில், அதே பாணியில் ஒரு கதையை அளந்துவிடுகிறாள். அங்கே காவல் இருக்கும் பெண்முகப் பறவை பொய்க்காரி என்று அலறியபடி அவள் தலைமேல் பாய்கிறது. பின்பு இறந்த குழந்தைகள் கேட்க, தன் ஊரில் களிமண் குழிகளில் விளையாடிய நிஜக் கதையை நிதானமாகச் சொல்கிறாள். அதே பறவைகள் அசையாமல் உட்கார்ந்து கேட்கின்றன. முதல் புத்தகத்தில் அவளைக் காப்பாற்றிய அதே வித்தை இங்கே உதவாமல் போவதைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன்.

தவறின் விலையும் இருக்கிறது. நண்பன் ரோஜரைக் காப்பாற்றத்தான் வடக்கே போனாள். அவளே அவனைத் தன் அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள், அவர் அவனைக் கொல்கிறார். இறந்தவர்களின் உலகத்துக்கு அவள் போவதே ரோஜரிடம் மன்னிப்பு கேட்கத்தான். கடைசியில் உண்மையைக் காட்டும் கருவியைப் படிக்கும் திறன் அவளிடமிருந்து போய்விடுகிறது. குழந்தையாக இருந்தபோது தானாக வந்தது, இனிமேல் பல வருடம் உட்கார்ந்து படித்துத்தான் கற்க வேண்டும் என்று அவளிடம் சொல்லப்படுகிறது. பதின்வயதுக்காரர்களிடம் இவ்வளவு நேராக இதை யாரும் சொல்வதில்லை.

குறை என்று சொன்னால், மூன்று நாவலும் சேர்ந்து சில மாதக் கதைதான். அதற்குள் லைரா 12 வயதில் இவ்வளவு தூரம் வந்துவிடுவது சில இடங்களில் அவசரமாகத் தெரிகிறது. மூன்றாவது நாவலில் ஆசிரியர் கருத்துச் சொல்வதும் கூடிவிடுகிறது. மத நிறுவனத்தை நேரடியாகவே எதிரியாக வைத்திருக்கிறார் என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் அதைப் பற்றிப் பேச மனம் உண்டென்றால் நன்றாகப் பேசலாம். பின்னாளில் புல்மன் இருபது வயது லைராவை வைத்து மறுபடி எழுதினார். அதில் அவளும் அவள் ஆன்மாவும் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்திருக்கிறார்கள். அது பெரியவர்களுக்கான புத்தகம், பிள்ளைகளிடம் கொடுக்க அவசரம் இல்லை.

இனி எர்த்சீ. உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய முதல் நாவல் சுமார் 200 பக்கம்தான். அவருக்குத் தோன்றியது ஒரு எளிய கேள்வி. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் வெண்தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, அவர்கள் எப்போதாவது பையன்களாக இருந்திருப்பார்கள்தானே, அப்போது எப்படி இருந்திருப்பார்கள்? மந்திரப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன் என்ற யோசனை ரௌலிங்குக்கு ஏறக்குறைய முப்பது வருடம் முன்பே இங்கே வந்துவிட்டது.

கெட் என்ற பையன் கோண்ட் தீவில் ஆடு மேய்த்தவன், கொல்லர் மகன். ஊரைத் தாக்க வந்தவர்களை மூடுபனியை நெய்து விரட்டுகிறான். ஓகியன் என்ற பெரிய மந்திரவாதி அவனைச் சீடனாக அழைத்துப் போகிறார். போகிற வழியில் மழை வருகிறது. மந்திரம் சொல்லி மழையைத் தள்ளிவிடுவார் என்று பையன் காத்திருக்கிறான். அவரோ மழையை அதன்போக்கில் விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். இவரிடம் என்ன கற்க முடியும் என்று பையனுக்கு எரிச்சல். இந்தக் காட்சி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அது எதற்கு அங்கே இருக்கிறது என்பது அவனுக்குப் புரிய ஒரு புத்தகம் தேவைப்படுகிறது, சில வாசகர்களுக்கு மூன்று.

பள்ளியில் ஜாஸ்பர் என்ற பணக்காரப் பையன் சீண்டிக்கொண்டே இருக்கிறான். அவனை மிஞ்சிக் காட்ட கெட் இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே பேர் தெரியாத ஒரு நிழலும் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடுவதற்குத் தலைமை மந்திரவாதி தன் உயிரையே செலவழிக்கிறார். வீம்புக்குச் செய்த ஒரு காரியத்துக்கு ஒரு நல்ல மனிதரின் சாவு! முகத்தில் தழும்பு வாழ்நாள் முழுக்க நிற்கிறது. அதுவரை வகுப்பில் முதல் மாணவனாக இருந்தவன், மறுபடி வார்த்தைகளைத் திக்கித் திக்கிக் கற்க வேண்டியிருக்கிறது. லெ குவின் இங்கே அவசரப்படவே இல்லை. அவனுடைய கூச்சத்தையும் பயத்தையும் பக்கம் பக்கமாக இருக்க விடுகிறார்.

நிழல் துரத்துகிறது, ஓடுகிறான். ஓடி ஓடிக் கடைசியில் ஓகியனிடமே வந்து நிற்கிறான். திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் அவர். கடைசியில் நடுக்கடலில் அந்த நிழலைத் தன் சொந்தப் பேரைச் சொல்லியே அழைக்கிறான். சண்டை இல்லை, வாள் இல்லை, எதிரி தோற்கவில்லை. தன்னில் ஒரு பகுதி தன்னோடு சேர்கிறது, அவ்வளவுதான். மொத்த இளையோர் ஃபேன்டசியிலும் இதற்கு நிகரான உச்சக்காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இதில் ஒரு நாணயமும் இருக்கிறது. பிரச்சினையை உண்டாக்கியதும் அவன்தான், தீர்த்ததும் அவன்தான். தீர்த்ததற்காக யாரும் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை.

ஆனால் எர்த்சீ தொடரை ஒரு ஆளின் வளர்ச்சியாக மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். 1971-இல் வந்த இரண்டாவது நாவல் டெனார் என்ற பெண்ணுடையது. ஐந்து வயதில் வீட்டிலிருந்து எடுத்துப்போய், பேரைப் பறித்து, பாதாளக் கல்லறைகளின் பூசாரியாக வளர்க்கப்பட்டவள். கெட் அவளை அங்கிருந்து வெளியே வரச் செய்கிறான். வெளியே வந்த பிறகு அவள் என்ன செய்கிறாள்? நன்றி சொல்லவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்கிறாள். இதுவரை தெரிந்த ஒரே வாழ்க்கையைப் பிடுங்கிவிட்டான் என்ற ஆத்திரம். விடுதலை கிடைத்தவுடன் மனிதர்கள் மகிழ்ச்சியாகிவிடுவார்கள் என்று நம்பும் கதைகளுக்கு நடுவில் இது பெரிய விஷயம்.

மூன்றாவது நாவலில் கெட் உலகத்தைக் காப்பாற்றத் தன் மந்திர சக்தி அத்தனையையும் செலவழித்துவிடுகிறான். அதோடு லெ குவின் நிறுத்தியிருக்கலாம். 18 வருடம் கழித்து, 1990-இல், நான்காவது நாவலோடு திரும்பி வந்தார். டெனார் இப்போது கணவனை இழந்த, நடுத்தர வயதுப் பண்ணைக்காரி. தீயில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமியை வளர்க்கிறாள். கெட் சக்தி இல்லாமல், அந்த வெட்கத்தில் ஒளிந்துகொண்டு, மறுபடி ஆடு மேய்க்கப் போகிறான். சக்தி இருந்தபோது தெரியாத பல விஷயங்கள் அவனுக்கு இப்போதுதான் தெரிகின்றன. பாத்திரங்களோடு எழுத்தாளரும் வளர்ந்திருக்கிறார். முதல் மூன்று நாவல்களில் பெண்களுக்கு மந்திரப் பள்ளியில் இடமே இல்லை என்பதைத் தானே கேள்விக்கு உட்படுத்துகிறார்.

சிக்கல் இதுதான்: 13 வயதில் நான்காவது நாவலைக் கொடுத்தால் போரடிக்கிறது என்று மூடிவிடுவார்கள். அவர்கள்மீது தப்பில்லை. பாத்திரம் கழுவுவதும் குழந்தையைத் தேற்றுவதும் கதையாக நகர்கிற புத்தகம் அது. கூடவே, எர்த்சீயில் சிரிப்பு குறைவு. நகைச்சுவைக்குப் பழகியவர்களுக்கு முதல் ஐம்பது பக்கம் கெட்டியாக இருக்கும்.

சிரிப்பும் வேண்டும், வளர்ச்சியும் வேண்டும் என்றால் டெர்ரி பிராட்செட்டின் டிஃபனி ஏக்கிங் புத்தகங்கள். ஐந்து நாவல்கள், 2003 முதல் 2015 வரை. பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற பெரிய வரிசையைச் சேர்ந்தவைதான், ஆனாலும் முன்னே வந்த எதையும் படிக்காமல் நேராக இதில் நுழையலாம். டிஃபனி சுண்ணாம்புக் குன்றுகளில் ஆடு வளர்க்கும் குடும்பத்துப் பெண், சூனியக்காரி ஆகப்போகிறவள். முதல் புத்தகத்தில் 9 வயது, நான்காவதில் 16-ஐ நெருங்குகிறாள். கையில் மந்திரக்கோல் இல்லை, வாணலி. சீஸ் செய்வதில் கெட்டிக்காரி.

அவளிடம் பிடித்தது அவள் நல்லவளாக இல்லை என்பதுதான். ஆற்றில் ஒரு பூதம் வருகிறது என்று தெரிந்ததும், பிசுபிசுத்த முகத்தோடு சுற்றும் தன் குட்டித் தம்பியை இனிப்பு கொடுத்துக் கரையில் உட்கார வைக்கிறாள். அவனைத் தூண்டிலாக வைத்து, பூதம் எட்டிப் பார்த்ததும் வாணலியால் ஒரே போடு. அப்புறம் தேவதைகளின் ராணி அதே தம்பியைத் தூக்கிப் போய்விடுகிறாள். டிஃபனி தேடிப் போகிறாள். பாசத்தாலா? அவளுக்கே சந்தேகம். உனக்கு அவன்மேல் அன்பே கிடையாதே என்று ராணி குத்திக் காட்டும்போது அவளிடம் சட்டென்று பதில் இல்லை. அவன் என்னுடையவன் என்ற சுயநலத்தையே பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள். ஒரு குணக்குறையை ஒழிக்காமலே நல்ல வேலைக்குத் திருப்பலாம் என்று சொல்கிற இளையோர் புத்தகங்கள் ரொம்பக் குறைவு.

இரண்டாவது புத்தகம்தான் என் வாதத்துக்கு உயிர். கண்ணாடி இல்லாத வீட்டில் தன்னைப் பார்த்துக்கொள்ள உடம்பைவிட்டு வெளியே வரும் பழக்கம் டிஃபனிக்கு இருக்கிறது. ஆள் இல்லாத அந்த உடம்புக்குள் வேறொன்று புகுந்துவிடுகிறது. அது அவள் கையாலேயே கெட்ட காரியங்கள் செய்கிறது. தனியாக வாழும் ஒரு கிழவர் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கடையில் கண்டதை வாங்குகிறது. பிடி விட்ட பிறகு, அது நான் இல்லை, அந்தப் பேய் செய்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். எல்லாக் கதையும் அப்படித்தான் போகும். டிஃபனி அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பணத்தைப் பார்த்தபோது ஒரு நொடி எனக்கும் அந்த நினைப்பு வந்தது, அதற்கு வழி காட்டியது என் மனசுதான் என்று ஒப்புக்கொள்கிறாள். அப்போது அவளுக்கு வயது 11.

பிராட்செட்டின் உலகத்தில் சூனியக்காரி வேலை என்பது பெரும்பாலும் ஊர் வேலை. பிரசவம் பார்ப்பது, கிழவர்களின் கால் நகம் வெட்டுவது, இறந்தவர்களைக் குளிப்பாட்டுவது. மந்திரம் அபூர்வமாகத்தான் வரும், வந்தாலும் அது பிரச்சினையாகத்தான் இருக்கும். அதனால் பலம் கூடுவதை வளர்ச்சி என்று காட்டும் தந்திரத்துக்கே இங்கே இடமில்லை. டிஃபனி புத்தகத்துக்குப் புத்தகம் பெறுவது பொறுப்பு மட்டும். செத்துப்போன பாட்டிக்கு ஒரு காலத்தில் அழகான பீங்கான் இடைச்சி பொம்மை ஒன்றைப் பரிசாகக் கொடுத்ததும், பட்டுச் சட்டை போட்ட அந்தப் பொம்மை, கோணி சுற்றி மலையேறும் பாட்டியைக் கேலி செய்ததுபோல் ஆகிவிட்டதோ என்று அவள் மனம் உறுத்திக்கொண்டே இருப்பதும் முதல் புத்தகத்தில் வருகிறது. மற்றவர்கள் ஒரு பாகம் முழுக்கச் செலவழித்துச் சொல்வதை இவர் ஒரு பொம்மையில் முடித்துவிடுகிறார்.

கடைசிப் புத்தகத்தில் இன்னொரு பெரிய சூனியக்காரி இறந்துபோகிறாள். அவளுடைய ஊரும் டிஃபனி தலையில் விழுகிறது. இரண்டு ஊரையும் பார்த்துக்கொள்ள முயன்று திணறி, கடைசியில் முடியாது என்று ஒரு ஊரை இன்னொருவரிடம் விட்டுக்கொடுக்கிறாள். பாட்டி வாழ்ந்த குன்றின்மீது தனக்கென்று ஒரு சக்கரக் குடிலைத் தன் கையாலேயே கட்டிக்கொள்கிறாள். பிராட்செட் 2015 மார்ச்சில் காலமானார், அந்தப் புத்தகம் அதே ஆண்டு பின்னால் வந்தது. இன்னும் கொஞ்சம் காலம் கிடைத்திருந்தால் திருத்தியிருப்பார் என்பது படிக்கும்போதே தெரியும், சில அத்தியாயங்கள் மெலிந்திருக்கின்றன. எனக்கு அது பொருட்டில்லை.

இடையில் சேர்க்கிறேன் என்று சொன்னது லாயிட் அலெக்சாண்டரின் பிரைடெய்ன் தொடர். வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளிலிருந்து எடுத்துக் கட்டியது, 1964 முதல் 1968 வரை ஐந்து புத்தகங்கள். முதல் மூன்றும் சாகசம், பரவாயில்லை ரகம். நான்காவதுதான் விஷயம். பன்றி மேய்க்கும் டாரன், நான் யார் மகன், ஒருவேளை அரச குலமோ என்று தேடிக் கிளம்புகிறான். ஒரு ஏழை இடையன் நான்தான் உன் அப்பா என்கிறான். டாரனுக்கு அவமானம். அந்த இடையன் பள்ளத்தில் விழுந்து கிடக்கும்போது, இவன் செத்தால் எனக்கு விடுதலை என்று ஒரு கணம் நினைத்தும்விடுகிறான். அப்புறம் கொல்லரிடமும் நெசவுக்காரியிடமும் குயவரிடமும் வேலை கற்கிறான். மண்பாண்டத்தை உயிராக நேசிக்கிறான், ஆனால் அந்தக் கை தனக்கு இல்லை என்று தெரிந்துகொள்கிறான். பிறப்பு ரகசியத்தை நம்பியே ஓடும் தொடர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், அந்த ஒரு புத்தகத்தைப் படிக்கத்தான் முன்னால் உள்ள மூன்றையும் படிக்க வேண்டியிருக்கிறது.

இனி முடிவுக்கு வருவோம், யாருக்கு எது?

ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்க இப்போதுதான் பழகுகிற 10, 11 வயதுப் பிள்ளைக்குப் பெர்சியை வாங்குங்கள். குட்டி வாக்கியம், வேகமான அத்தியாயம், சிரிப்பு. வளர்ச்சி குறைவு என்று மேலே நான் குறைசொன்னதெல்லாம் அந்த வயதில் ஒரு பொருட்டே இல்லை. படிக்கும் பழக்கம் வந்தால் போதும். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற 13 வயதுக்காரருக்கும் இதுவேதான்.

ஹாரி பாட்டரைத் தானாக முடித்தவருக்கு, 12 முதல் 14 வயதுக்குள் என்றால், என் ஓட்டு டிஃபனிக்கு. ஒரு எச்சரிக்கை: ஃபீகிள்கள் என்ற நீல நிறக் குட்டி மனிதர்கள் பேசுவது ஸ்காட்லாந்து வட்டார ஆங்கிலம். முதல் முப்பது பக்கம் திணறும். சத்தமாக வாசித்தால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். நான்காவது புத்தகத்தின் தொடக்கத்தில் குடிகார அப்பாவிடம் அடிபட்டுக் கருவை இழந்த ஒரு 13 வயதுப் பெண் வருகிறாள். அதை மட்டும் பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். முதல் மூன்றையும் இப்போது வாங்கி, அதை ஒரு வருடம் தள்ளிவைத்தாலும் ஒன்றும் கெடாது.

எதையும் எதிர்த்துக் கேள்வி கேட்கிற, வீட்டில் விவாதம் செய்கிற 14, 15 வயதுப் பிள்ளைக்குப் புல்மன். மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள், முதல் நாவல் முடிகிற இடத்தில் யாராலும் காத்திருக்க முடியாது.

எர்த்சீயின் முதல் மூன்று நாவல்களை 13 வயதுக்கு மேல் யாருக்கும் கொடுக்கலாம். அளவில் சிறியவை, ஆனால் ஒவ்வொரு பக்கமும் மெதுவாகப் படிக்கச் சொல்லும். விருப்பமில்லாதவரை வற்புறுத்திப் படிக்க வைக்கிற தொடர் இது இல்லை. ஆறு புத்தகங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஓவியர் சார்லஸ் வெஸ்ஸின் படங்களோடு 2018-இல் வந்த பெரிய பதிப்பு இருக்கிறது. அழகுதான், படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம். தனித்தனியாக வாங்குவதே வசதி, ஏனென்றால் நான்காவதைப் பல வருடம் கழித்துத்தான் எடுக்கப்போகிறார்கள். இதைப் படிக்கும் நீங்கள் பெரியவர், உங்களுக்காகவே ஒன்று தேடுகிறீர்கள் என்றால் முதலாவதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும், வயது 13, யார் என்னவென்று எனக்குத் தெரியாது என்றால் டிஃபனியின் முதல் புத்தகம். பிடிக்கவில்லை என்று சொன்னால், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஃபீகிள்களின் பேச்சு புரியாமல் நிறுத்தியிருந்தால் அடுத்து பெர்சி, சிரிப்பு அதிகமாகிவிட்டது என்று நிறுத்தியிருந்தால் எர்த்சீ.